கதவுக்கு அந்தப் பக்கத்துக்காரி

1

ஆகஸ்ட் முதல் தேதி இந்த நாட்டுக்குப் பிறந்தநாள் மாதிரி. மலைச்சரிவுகளில் சொக்கப்பனை போலத் தீ மூட்டுவார்கள். ஏரிக்கரையில் பிள்ளைகள் காகித விளக்குகளைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். படிக்க ஜெனீவாவுக்கு வந்து, வேலை, குடும்பம் என்று இங்கேயே தங்கி, பத்து வருஷம் ஆகப்போகிறது. இன்னமும் அந்த ஒரு நாள் மட்டும், காலையில் எழுந்ததுமே என் மூக்கு வெடிமருந்து வாடையைத் தேட ஆரம்பித்துவிடும். ஏரிக் காற்றில் அது இருக்காது என்று தெரிந்தும் தேடும்.

இந்த வருஷம் மாடி வீட்டு அம்மா என் மகளுக்கு ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்திருக்கிறார். மகளுக்கு நாலு வயது. படியிறங்கி ஓடி வந்து அடுக்களை வாசலில் நின்று, "அம்மா, பத்தாசு!" என்றாள்.

"பட்டாசு" என்று திருத்தினேன்.

"பத்தாசு."

"ட்டா. பட்...டாசு."

"பத்தாசு" என்றாள் மறுபடியும். எனக்குத்தான் காது கோளாறு என்பது போல ஒரு பார்வை வேறு. பள்ளிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து பிரெஞ்சு பேசிப் பேசி அவள் நாக்கு மேலே மடங்க மறந்துவிட்டது. சிவகாசியில் வெடிக் கம்பெனி வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்குப் பட்டாசு என்ற சொல் வாயில் நுழையவில்லை. ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். பிறகு பொட்டலத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.

சிவப்புக் காகிதம். உள்ளே சுண்டுவிரல் நகத்தளவு வெடிகள், நெருக்கமாகப் பின்னிய சரம். அடியில் பொடி எழுத்தில் மக்காவ் என்று அச்சிட்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மகள் என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை.

2

நான் இங்கே வந்தது முனைவர் பட்டத்துக்காக. மதுரையிலும் சென்னையிலும் பொருளாதாரம் படித்தேன். உதவித்தொகை கிடைத்ததும், ஐம்பதுகளின் கடைசியில் பம்பாயில் கப்பல் ஏறினேன். நான் எடுத்துக்கொண்ட பொருளைத் தமிழில் சொல்வது அப்போதும் கஷ்டம், இப்போதும் கஷ்டம். ஒரு நாட்டுச் சரக்கு இன்னொரு நாட்டுக்குள் போவதற்கு யார் கதவைத் திறக்கிறார்கள், யார் மூடுகிறார்கள், எந்த விதியின்படி என்பதுதான் கேள்வி. அதில் பாதி சட்டம், பாதி பொருளாதாரம், கொஞ்சம் அரசியல்.

சொந்தக்காரர்கள் யாருக்கும் இது பிடிக்கவில்லை. பெண்பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்புவதா என்று மல்லாங்கிணறு மாமா வில்வண்டி கட்டிக்கொண்டு வந்து சண்டை போட்டார். அப்பா அப்போது உயிரோடு இல்லை. அண்ணன்தான் குடும்பத்துக்குப் பெரியவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், சிவகாசிக்குப் பக்கத்தில் எம். புதுப்பட்டியில் எங்கள் வெடிக் கம்பெனியை நடத்திவந்தார். மாமா பேசி முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"மாமா, நம்ம யாவாரத்துக்கு ஒரு வக்கீலும் வேணும், பொருளாதாரம் தெரிஞ்ச ஆளும் வேணும். ரெண்டும் ஒரே ஆளா நம்ம வீட்டுக்குள்ளயே வந்தா நல்லதுதான? போய்ட்டு வரட்டும். காப்பி ஆறுது, குடிங்க."

அவ்வளவுதான். அண்ணன் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

இங்கே வந்த பிறகு, அந்த 'ரெண்டும் ஒரே ஆளா' என்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் விண்ணப்பம் கொடுக்கச் சட்டத்துக்கு ஒரு ஜன்னல், பொருளாதாரத்துக்கு ஒரு ஜன்னல். சட்ட ஜன்னலில் இருந்த பெண்மணி என் தாளைப் படித்துவிட்டு எதிர் ஜன்னலைக் காட்டினார். எதிர் ஜன்னலில் இருந்தவர் படித்துவிட்டு மரியாதையாக முதல் ஜன்னலைக் காட்டினார். இரண்டுக்கும் நடுவில் ஒரு மர பெஞ்சு கிடந்தது. அந்தக் குளிர்காலம் பெரும்பாலும் எனக்கு அந்தப் பெஞ்சில்தான் கழிந்தது. கடைசியில் இரண்டு பேராசிரியர்கள் ஆளுக்குப் பாதியாக என்னை ஏற்றுக்கொண்டார்கள்.

வெளிநாட்டார் பதிவு அலுவலகத்தில் வேறு கூத்து. குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, அப்பா பெயரைத்தான் முன்னால் போடுவோம் என்றேன். அப்பாவின் பெயரே என் பெயரானது. பொன்னுத்தாய் காணாமல் போய், 'மத்முவாசெல் சுப்பையா', அதாவது செல்வி சுப்பையா ஆனேன். நூலகத்திலும் தபால் நிலையத்திலும் 'சுப்பையா' என்று கூப்பிடுவார்கள். முதல் சில மாதங்கள், அப்பா எனக்குப் பின்னால் வந்து நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்ப்பேன். பனிமூட்டமான நாட்களில் கொஞ்சம் கூடுதலாகவே திரும்பிப் பார்ப்பேன்.

3

என் ஆராய்ச்சியில் ஓர் அத்தியாயம் எங்கள் ஊரைப் பற்றியது. அதை எழுதும்போது எனக்கு ஒரே பெருமை. அப்பாவுக்கு விருதுநகர் பஜாரில் பருப்புக் கடை. தீபாவளிக்கு மட்டும் சீனத்து வெடிகளை வரவழைத்து விற்பார். உலகச் சண்டையில் கப்பல் நின்றது. சண்டைக்குப் பிறகும் சர்க்கார் அந்த வெடிகளை உள்ளே விடவில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் பக்கத்து ஆட்கள் தாங்களே வெடி போட ஆரம்பித்தார்கள். மழை இல்லாத பூமி. கம்பும் பருத்தியும் ஒரு வருஷம் வரும், மூன்று வருஷம் பொய்த்துப்போகும். அங்கே தாயில்பட்டி வரைக்கும் ஊர் ஊராக அடுப்பெரிந்தது இந்தத் தொழிலால்தான். 'ஒரு கதவு மூடியது. ஓர் ஊர் எழுந்தது' என்று அத்தியாயத்தை முடித்திருந்தேன். அந்த வாக்கியத்தை நானே இரண்டு மூன்று தடவை உரக்கப் படித்து மகிழ்ந்ததும் உண்டு.

அதை வகுப்பில் வாசித்தேன். கைதட்டினார்கள். என்னோடு படித்த லான் மட்டும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லான் சீனாவை ஒட்டிய மக்காவ் தீவுக்காரி. அங்கே கன்னிமாடத்துச் சகோதரிகள் அவளைப் படிக்கவைத்து இங்கே அனுப்பியிருந்தார்கள். வகுப்பில் பெண்கள் நாங்கள் இருவர்தான். அதனாலேயே சிநேகம். அன்று வகுப்பு முடிந்ததும், டிராமுக்குப் போகாமல் ஏரிக்கரையோடு நடந்தோம். பனி இறங்கி, தண்ணீர் எங்கே முடிகிறது வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அன்னங்கள் காற்றில் மிதப்பதுபோல இருந்தன.

"உங்கள் ஊரில் சரத்தை யார் பின்னுவார்கள்?" என்று கேட்டாள்.

"பெண்கள்தான்."

"எங்கள் தீவிலும் பெண்கள்தான். என் அம்மா பின்னினார்."

நான் நின்றுவிட்டேன். அவள் நடந்துகொண்டே சொன்னாள். கடலோரத்தில் கம்பெனி. அம்மாவோடு உட்கார்ந்து அவளும் திரி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். சண்டை வந்தது. கப்பல் நின்றது. சண்டை முடிந்தால் கப்பல் வரும் என்றார்கள். "சண்டை முடிந்தது. கப்பலும் வந்தது. எங்கள் பெட்டிகளை மட்டும் ஏற்றவில்லை. ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. சரக்கு மோசம் என்று திருப்பிவிட்டார்கள் என நினைத்து, அம்மாவும் மற்றவர்களும் இன்னும் நெருக்கமாகப் பின்னினார்கள். அடுத்த வருஷம் கம்பெனியை மூடிவிட்டார்கள்."

படகுத்துறையைத் தாண்டி நடந்தோம்.

"கதவு மூடியது என்று எழுதியிருக்கிறாய். நான் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தேன்" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். பனியில் அது வேறு யாரோ சொல்வதுபோலக் கேட்டது. அன்று அவள் அறைக்குப் போய்க் கஞ்சி காய்ச்சிக் குடித்தோம். வேறென்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை.

4

அடுத்த வருஷம் அண்ணன் வந்தார். வெடியோடு அச்சுத் தொழிலிலும் இறங்கியிருந்தார். ஜெர்மனியில் அச்சு மெஷின் பார்க்க வந்தவர், அப்படியே என்னையும் பார்க்க வந்துவிட்டார். யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. பையில் சாத்தூர் காராச்சேவு, திருவில்லிபுத்தூர் பால்கோவா, எங்கள் அச்சகத்தில் அடித்த காலண்டர். ஏரியைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏ பொன்னு, எம்புட்டுத் தண்ணி! யாரும் எறைக்க மாட்டாகளா? சும்மாவா கெடக்கு?"

"சும்மாதாண்ணே கெடக்கு."

"மல்லாங்கிணத்து மாமா பாத்தாகன்னா நெஞ்சடைச்சிருவாக."

லானைச் சாப்பிட வரச் சொல்லியிருந்தேன். அண்ணனுக்குத் தமிழ் மட்டும்தான் சரளம். நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன்.

"அவுக வீட்ல என்ன தொழில்னு கேளு."

லான் சொன்னாள். நான் தமிழில் சொன்னதும், அண்ணன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "நெசமாவா? அடேயப்பா, நம்ம யாவாரக்காரவுகளா! இதை மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு என்னால் சாப்பிடவே முடியவில்லை. அங்கே இருந்து ஒரு கேள்வி, இங்கே இருந்து ஒரு பதில்.

"வெறுங்காலோடதான உள்ள போவாக?"

"ஆமாம். தலைமுடியைக்கூட இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்."

"மளை வந்தா?"

"எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஓடுவோம். எங்கள் ஊரில் மழை அதிகம்."

"பாவம்யா! மளை பெய்ற ஊர்ல இந்தத் தொழிலப் பண்ணிருக்காகளே!" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார் அண்ணன். பிறகு வியாபாரிகள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: "லோடு எங்கன போச்சாம்?"

நான் பிரெஞ்சில் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியபோது கேட்டு முடித்திருந்தேன். லான் தயங்கவில்லை.

"பம்பாய். கல்கத்தா. மெட்ராசுக்கும் போகும் என்று அம்மா சொல்வார்."

நடுவில் உட்கார்ந்திருக்கிறவள் நினைத்தால் ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிவிடலாம். அமெரிக்கா என்று சொல்ல என் வாய் தயாராகத்தான் இருந்தது. ஆனால் ஊர்ப் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. நான் வாய் திறக்குமுன்பே அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

வெளியே டிராம் ஒன்று வளைந்து போகும் சத்தம். அண்ணன் மேஜை விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"பெட்டி மேல யானப் படம் ஒட்டிருந்துச்சான்னு கேளு" என்றார்.

லானின் முகம் மலர்ந்தது. "இந்தியாவுக்குப் போகும் பெட்டிகளுக்கு மட்டும் யானை. என் தாய்மாமாதான் வரைந்தார். அவர் யானையைப் பார்த்ததே இல்லை."

அதைச் சொன்னதும் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "அதான பாத்தேன்! காது பன்னிக் காது மாதிரி இத்துனூண்டா இருக்கும். அப்பா கடையில பெட்டி பிரிக்கிறப்ப ஒவ்வொரு தடவயும் நான் சிரிப்பேன். அப்பா வைவாக." லானும் சிரித்தாள். சிரித்து முடித்து, அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு காராச்சேவுப் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடுங்க தாயி. சாப்பிடுங்க."

5

அண்ணன் வந்ததற்கு இன்னொரு காரணம் இருந்தது. மறுநாள் ரயில் நிலையத்தில் வைத்துத்தான் அதைச் சொன்னார். வெளிநாட்டு வெடிகளைக் கொஞ்சம் உள்ளே விடப்போகிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. கம்பெனிக்காரர்கள் கூடிப் பேசி, டெல்லிக்கு ஒரு மனு கொடுப்பதென்று முடிவு செய்திருந்தார்கள். சட்டமும் தெரிந்து, பொருளாதாரமும் தெரிந்து, நல்ல இங்கிலீசில் எழுதக்கூடிய ஆள் வேண்டும்.

"நம்ம பொன்னு இருக்கான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

நான் அவர் பையை வாங்கிப் பெஞ்சில் வைத்தேன்.

"நேத்து அவுக சொன்னதக் கேட்டதுலருந்து எனக்கும் மனசு என்னமோ மாதிரிதான் இருக்கு. ஆனா தொறந்து விட்டா நம்ம புதுப்பட்டிப் பொம்பளைக எங்கன போவாக? திரும்பக் கம்பங்காட்டுக்கா? அங்கன என்ன மளையா கொட்டுது?"

அவர் கேட்டதில் தப்பே கிடையாது. அதுதான் என்னை வதைத்தது. கப்பலேற்றி அனுப்பியவர் கேட்கிறார். கேட்பது நியாயமும்கூட. என் மனமோ மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து காராச்சேவு தின்ற முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அவுக பக்கத்தையும் சேத்து எழுதட்டுமாண்ணே?"

"ரெண்டு பக்கமும் எழுதினா அது மனு இல்ல தாயி."

"அப்ப என்னால முடியாதுண்ணே."

அண்ணன் என்னைப் பார்த்தார். "சரி" என்றார். கோட்டுப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். ரயில் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "ஒடம்பப் பாத்துக்க" என்றார். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மனுவை மதுரையில் வேறு ஒருவர் எழுதிக் கொடுத்தார். கதவு மூடியே இருந்தது. ஊரிலிருந்து எனக்கு வரும் கடிதங்களை அண்ணனுக்குப் பதில் அவர் மனைவி, என் மதினி, எழுத ஆரம்பித்தார். 'அண்ணன் நல்லா இருக்காக' என்று ஒரு வரி எப்போதும் இருக்கும். நானும் மதினிக்கே எழுதினேன். மற்றவர்களிடம் பேச முடியாத என் ஆராய்ச்சியைப் பற்றியெல்லாம் மதினிக்கு எழுதித் தள்ளினேன். பாவம், அவருக்கு என்ன புரிந்ததோ.

அந்த இரண்டு வருஷமும் கண்ணாடிக்குப் பின்னால் கிடந்தது போல இருக்கிறது. காலையில் டிராம், நூலகம், மாலையில் ரொட்டி வாங்கிக்கொண்டு அறை. நூலக ஜன்னலில் பனி விழுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கண் சொருகும்போது அது புதுப்பட்டிக் களத்தில் காயும் வெள்ளி நிற வெடிமருந்தாகிவிடும். அதைக் கிளறும் கைகள் சில சமயம் எங்கள் ஊர்ப் பெண்களுடையவை, சில சமயம் நான் பார்த்தே இராத ஒரு பெண்ணுடையவை. விழித்துக்கொண்டு அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதுவேன்.

எழுதி முடித்தது இதுதான்: எந்த நாட்டுக்கும் தன் கதவை மூடிக்கொள்ள உரிமை உண்டு. ஏழை நாட்டுக்குக் கட்டாயம் உண்டு. ஆனால் மூடுவதற்கு முன் வெளியே நிற்கிறவர்களுக்குச் சொல்லவேண்டும். அவர்கள் வேறு பிழைப்புத் தேடிக்கொள்ள அவகாசம் தரவேண்டும். அதற்கு நாடுகளுக்கிடையே ஒரு விதி வேண்டும்.

வாய்மொழித் தேர்வில் பொருளாதாரப் பேராசிரியர், "இதைப் பொருளாதாரம் என்று சொல்ல முடியாது" என்றார். சட்டப் பேராசிரியர், "சட்டம் என்றும் சொல்ல முடியாதே" என்றார். வந்த முதல் குளிர்காலத்தின் மர பெஞ்சு கண்ணுக்குள் வந்து போனது. பிறகு சட்டக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆனால் இப்படி ஒரு விதி ஏன் இல்லை என்று எனக்கு இதுவரை தோன்றவில்லை" என்றார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். லான் பின்வரிசையில் இருந்து எல்லாரையும்விட முதலில் கைதட்டினாள்.

6

பட்டம் வாங்கிய கையோடு ஊருக்குப் போனேன். அண்ணன் விருதுநகர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டார். வீட்டில் "அவளுக்கு இன்னும் ரெண்டு இட்லி வை" என்று மதினியிடம் சொல்வார். என்னிடம் நேராக எதுவும் சொல்லவில்லை. மூன்று நாள் அப்படிப் போனது. நாலாம் நாள் மதினிதான், "கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போங்களேன், எல்லாரும் பொன்னத் தேடுறாக" என்றார்.

தீபாவளி சீசன். புதுப்பட்டிக் கம்பெனி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தோம். வேப்பமர நிழலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சரம் பின்னிக்கொண்டிருந்தார்கள். விரல்களெல்லாம் வெள்ளி. என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்த முத்தக்கா நகர்ந்து இடம் கொடுத்தார்.

"டாக்டருக்குப் படிச்சிருக்கீகளாம்ல. ஊசி போடுவீகளா தாயி?"

"அந்த டாக்டர் இல்லக்கா."

"பின்ன என்ன டாக்டரு?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். வர்த்தகம், விதி, நாடுகள் என்று ஏதேதோ சொல்லி, நடுவில் திணறி நின்றேன். மரத்தடியில் எங்களுக்கு முதுகு காட்டி நின்று திரிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், திரும்பாமலே பேசினார்.

"முத்தக்கா, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரு. அங்கன உங்கள மாதிரியே பொம்பளைக ஒக்காந்து சரம் பின்னிக்கிட்டிருந்தாக. நம்ம நாட்டுக்குத்தான் அனுப்புனாக. நாம வெடி போட ஆரம்பிச்சதும் அவுக சரக்கு வர வேண்டாம்னு நிப்பாட்டியாச்சு. அவுகளுக்கு ஒருத்தரும் சொல்லல. நம்ம வேலதான் சரியில்லயோன்னு நெனச்சு, இன்னும் நெருக்கிப் பின்னிருக்காக. நிப்பாட்டுறவன் சொல்லிட்டு நிப்பாட்டணும், ஒரு சீசனாவது அவுகளப் பொளைக்க விடணும்னு உலகத்துக்கே ஒரு சட்டம் வேணும்னு இவ எழுதிருக்கா. அதுக்குத்தான் டாக்டர்."

அவர்கள் நெருக்கிப் பின்னியதையோ, நான் எழுதிய விதியையோ நான் அவரிடம் சொன்னதே இல்லை. மதினிக்கு எழுதியவை. மதினி கடிதங்களை யாருக்கு வாசித்துக் காட்டினார் என்பது அப்போதுதான் புரிந்தது.

பெண்களின் கைகள் மெதுவாகின. முத்தக்கா பின்னிய சரத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அந்தப் பொம்பளைக இப்ப எப்படிப் பொளைக்காக?"

"என் சிநேகிதியோட அம்மா ஹாங்காங்ல இருக்காகக்கா. பிளாஸ்டிக் பூ செய்ற கம்பெனியில."

"பிளாஸ்டிக் பூவா? வாடாதா?"

"வாடாது."

"ஆத்தாடி! ஒரு மொளம் வாங்கித் தலையில வச்சா ஆயுசுக்கும் போதுமே" என்றது ஒரு குமரிப்பெண். எல்லாரும் சிரித்தார்கள். "அடுத்த தடவ வர்றப்ப எங்களுக்கெல்லாம் வாங்கிட்டு வாங்க தாயி."

"அதயும் லைசென்ஸ் இல்லாம உள்ள விட மாட்டாக" என்றார் அண்ணன்.

"இது என்ன அநியாயம்!" என்றார் முத்தக்கா. "பூவு என்ன வெடிக்கவா போகுது?"

அண்ணன் திரும்பினார். ரயில் ஜன்னலில் கடைசியாகப் பார்த்த முகம், இரண்டு வருஷத்துக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தது. மீசைக்குள் சிரிப்பு தெரிந்தது.

"ஏ பொன்னு, இதுக்காவது ஒரு மனு எழுதித் தருவியா?"

"எழுதுறேண்ணே" என்றேன். கண் நிறைந்துவிட்டது. மருந்துத் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்து, கண்ணைக் கசக்காதீக, கசக்காதீக என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டுக்கொண்டு, பெண்கள் தண்ணீர் எடுக்க ஓடினார்கள்.